உட்காரும் முன் அட்டவணையைப் படி: வேகாஸில் வீடியோ போக்கர் பழகிய அனுபவம்

லாஸ் வேகாஸில் எனக்கு வீடியோ போக்கர், அதாவது இயந்திரத் திரையில் காசு வைத்து ஆடும் சீட்டாட்டம், சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான அம்மா. பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்டிரிப் சாலையில் இல்லை, உள்ளூர்க்காரர்கள் வந்துபோகும் ஒரு கேசினோவில். வேலை விஷயமாக அந்த ஊரில் இருந்தபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கேதான் போவேன். ஒருநாள் காலியாக இருந்த இயந்திரத்தில் உட்காரப் போனேன். பக்கத்து இருக்கையில் இருந்த அவர் கையை நீட்டித் தடுத்தார். திரையின் மேலே இருக்கும் அட்டவணையை முதலில் படிக்கச் சொன்னார். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) வைத்த ஒரு காசுக்கு 8, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 5. இது வேண்டாம், அந்தப் பக்கம் 9, 6 இருக்கிறது என்று எழுந்து வந்தே காட்டினார்.

இரண்டுமே ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’தான். ஐந்து சீட்டு வரும், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒருமுறை மாற்றலாம், ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் பணம். 1979இல் ‘டிரா போக்கர்’ என்று வந்த காலத்திலிருந்து, ஐந்து சீட்டு வாங்கி ஒருமுறை மாற்றுவதுதான் ஆட்டத்தின் அடிப்படை. நெவாடா விதிப்படி திரையில் வரும் சீட்டுகளுக்கும் நிஜச் சீட்டுக்கட்டில் இருக்கும் அதே வாய்ப்பு இருக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். தவறில்லாமல் ஆடினால் 9/6 இயந்திரம் நீண்ட ஓட்டத்தில் 100க்கு 99.54 திருப்பித் தரும். 8/5 தருவது 97.30. சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் பார்க்கிற 6/5 வெறும் 95.

கால் டாலர் இயந்திரத்தில் ஒரு காசு என்றால் கால் டாலர்; ஐந்து காசு வைத்தால் ஒரு கைக்கு, அதாவது ஒரு ஆட்டத்துக்கு, 1.25 டாலர். மணிக்கு 600 கை ஆடுகிறவருக்கு 750 டாலர் சுற்றி வரும். அதில் 9/6இல் சராசரியாகப் போவது மூன்றரை டாலர், 8/5இல் 20, 6/5இல் 37.50. உட்காரும் இடத்தை மாற்றியதற்கே இவ்வளவு. ஆனால் ஒன்று, இந்தச் சராசரிக்குள் ராயல் ஃப்ளஷும் (ஒரே இனத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து) அடக்கம். அது ஏறக்குறைய 40,000 கைக்கு ஒருமுறைதான் வரும். அது வராத நாட்களில் இதைவிடக் கூடுதலாகவே போகும். இதை வருமானமாக நினைத்து யாரும் வராதீர்கள்.

ஐந்து காசு வைக்கச் சொல்வதும் ராயலுக்காகத்தான். நாலு காசுக்கு ராயல் 1,000, ஐந்துக்கு 4,000. ஐந்து வைக்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் சின்ன மதிப்பு இயந்திரத்துக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியப் பாடம். அவருக்கு இஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, கூடவே 3 எண் சீட்டு. ஐந்தும் இஸ்பேடு, ஃப்ளஷ் தயார், 9/6இல் 30 காசு நிச்சயம். அவர் யோசிக்கவே இல்லை, அந்த 3 எண் சீட்டைத் தூக்கிப் போட்டார். வந்தது டைமன் நாலு. 30 காசு போனது. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடுத்த கைக்குப் பொத்தானை அழுத்தினார்.

ராத்திரி அறைக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மிச்சம் 47 சீட்டு. இஸ்பேடு ஏஸ் வந்தால் 4,000. இஸ்பேடு ஒன்பது வந்தால் ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து), 250. வேறு ஆறு இஸ்பேடுக்குத் தலா 30. மற்ற மூன்று ஏஸ், மூன்று ஒன்பதுக்கு ஸ்ட்ரெயிட் (இனம் எதுவானாலும் வரிசையாக ஐந்து), தலா 20. ராஜா, ராணி, ஜாக்கியில் ஒன்பது சீட்டுக்குத் தலா 5. மொத்தம் 4,595, நாற்பத்தேழால் வகுத்தால் கிட்டத்தட்ட 98. கையில் இருந்த 30க்கு மூன்று மடங்குக்கும் மேல். அந்த அம்மா செய்தது துணிச்சலே இல்லை, சுத்தமான கணக்கு. வந்த சீட்டை வைத்து முடிவைச் சரி, தப்பு என்று சொல்லக் கூடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

புதிதாக ஆடுகிறவர்கள் தடுமாறும் கைகள் சில. 6, 6, 7, 8, 9 வந்தால் நாலு சீட்டு வரிசையைப் பிடிக்கத் தோன்றும். 6, 6 ஜோடியைப் பிடியுங்கள், வைத்த ஒரு காசுக்கு அதன் சராசரி மதிப்பு 0.82, வரிசைக்கு 0.68. ஆனால் ஒரே இனத்தில் நாலு இருந்தால் சின்ன ஜோடியை விட்டுவிடலாம். வெறும் ஃப்ளஷுக்காக ஜாக்கி ஜோடியையோ அதற்கு மேலானதையோ விடக் கூடாது. ஜோடியோடு ஒரு ஏஸைச் சேர்த்து வைப்பதால் லாபமே கிடையாது, மூன்றாவது சீட்டு வரும் வாய்ப்புதான் குறையும்.

எதை முதலில் பிடிப்பது என்று வரிசைப்படுத்திய சின்ன அட்டைகள் வேகாஸ் கடைகளில் கிடைக்கும். அவர் அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தே ஆடினார், யாரும் தடுக்கவில்லை. காசு வைக்காமல் பழகும் மென்பொருள்களும் உண்டு, தவறாகப் பிடித்தால் அங்கேயே சொல்லிவிடும். நான் பழகியது அப்படித்தான்.

அடுத்து ‘டியூசஸ் வைல்டு’ பழகலாமா என்று கேட்பவர்களுக்கு: இது மனதில் நன்றாக ஏறின பிறகு போங்கள். அங்கே ரெண்டு எல்லாம் ஜோக்கர், ஜோடிக்குப் பணமே இல்லை, ஒரே எண்ணில் மூன்று வந்தால்தான் கணக்கு தொடங்கும். எதைப் பிடிப்பது என்ற வரிசையும் முழுக்க வேறு.