மிதவையில் உள்ள ஒட்சிசன் சென்சர் விடியப்புறம் பூச்சியம் காட்டுகிறது – உதவி தேவை

களப்புக்காரன்:
யாழ்ப்பாணக் களப்பில், குருநகருக்கும் மண்டைதீவுக்கும் நடுவே, ஆழமில்லாத இடத்தில் ஒரு மிதவை கட்டியிருக்கிறோம். வெப்பநிலை, கடத்துத்திறன் (இதிலிருந்துதான் உப்பின் அளவு கணக்கிடப்படும்), கலங்கல், கரைந்த ஒட்சிசன் நான்கையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து சிம் வழியாக அனுப்பும். கழுவிவிட்டு வந்தால் முதல் கிழமை எல்லாம் ஒழுங்கு. பிறகு ஒட்சிசன் பகலில் லீற்றருக்கு 9, 10 மில்லிகிராம் வரை ஏறுகிறது. விடியப்புறம் பூச்சியத்துக்குக் கிட்ட விழுகிறது. காற்று மழை இல்லாமலே கலங்கலும் கூடுகிறது. மீன் செத்து மிதந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. சென்சரை மாற்றத்தான் வேண்டுமா? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

வயர்மேன்:
இரவில் பற்றரி இறங்குகிறதோ?

களப்புக்காரன்:
இல்லை அண்ணை, 12.4 வோல்ற்றுக்குக் கீழே போகவில்லை. சோலார் பனலில் நீர்க்காகம் எச்சம் போடுவது வேறு கதை.

உப்புக்காற்று:
சென்சர் பழுதென்றால் பெரும்பாலும் பகலும் இரவும் ஒரே பக்கமாக விலகும். உங்களுடையது பகலில் கூடி இரவில் குறைகிறது. சென்சர் முகத்தில் படிந்த பாசி வெயிலில் ஒட்சிசனை விடும், இருட்டில் அதையே இழுக்கும். கலங்கல் கூடுவதற்கும் கலங்கல் சென்சரின் கண்ணாடியை மூடும் அந்தப் படலமே காரணமாக இருக்கலாம்.

ஆனால் முழுப் பழியையும் பாசியின் தலையில் போடாதீர்கள். அந்தப் பக்கம் சாதாழை (கடற்புல்) இருந்தால் அதுவும் இதையேதான் செய்யும். பிரித்துப் பார்க்க, அடுத்த முறை போனவுடன் கழுவாதீர்கள் தம்பி. எல்லாரும் முதலில் பிரஷ்ஷைத்தான் எடுக்கிறார்கள், அதோடு சாட்சியும் போய்விடும். விடிய முன்னர் போய், ஊத்தையோடேயே வரும் வாசிப்பை எழுதுங்கள். பக்கத்தில் அதே ஆழத்தில் ஒரு கைமீற்றரை (கையில் கொண்டுபோய் ஒட்சிசன் அளக்கும் கருவியை) விடுங்கள். பிறகு மெதுவாகக் கழுவி, திரும்ப இறக்கி வாசியுங்கள். இடையில் தண்ணீரே மாறியிருந்தால் கைமீற்றர் காட்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது பாசியின் பங்கு. கடைசியாக ஈரம் நிறைந்த காற்றில் 100 வீதம் காட்டுகிறதா பாருங்கள். அங்கே விலகினால் மட்டும் சென்சரைக் குறை சொல்லலாம்.

கெமிஸ்ற்றி ரீச்சர்:
கைமீற்றரில் நம்பிக்கை இல்லாவிட்டால் விங்க்ளர் முறை இருக்கிறது, கரைந்த ஒட்சிசனை இரசாயனம் விட்டு அளப்பது. 1888 இல் வந்தது, இன்றும் ஒப்பிட அதைத்தான் எடுக்கிறோம். வள்ளத்திலேயே மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட்டு மூடுங்கள், போத்தலுக்குள் குமிழி நிற்கக்கூடாது. கரைக்கு வந்து அமிலம் விட்டு நியமிப்பு (titration) செய்யலாம்.

உவர்த்தன்மையையும் பாருங்கள். 30 பாகையில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கும், கடல்நீரில் 6.2 தான். கடத்துத்திறன் கலத்துக்குள் சிப்பி வளர்ந்து உப்பைக் குறைத்துக் காட்டினால், ஒட்சிசன் கணக்கு கூடிவரும்.

களப்புக்காரன்:
செய்து பார்த்தோம். விடியப்புறம் கழுவ முன் 0.6, கழுவிய பின் 3.1. கைமீற்றர் இரண்டு தரமும் 3.2, விங்க்ளர் 3.3. காற்றில் 99 வீதம். சென்சர் தப்பியது! ஆனால் 3.1 உண்மையென்றால் களப்பிலும் விடியப்புறம் ஒட்சிசன் குறைவுதான். பழைய தரவை என்ன செய்வது?

உப்புக்காற்று:
பிழை நாளுக்கு நாள் ஒரே சீராகக் கூடியதென்று வைத்துக் கழிக்கும் நேர்கோட்டுத் திருத்தம் போட்டு மீட்க முயலவேண்டாம். பகலில் கூட்டி இரவில் குறைக்கும் பிழைக்கு அது பொருந்தாது. கழுவிய பின் வந்த முதல் சில நாட்களை வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குச் சந்தேகக் குறி போடுங்கள், அழிக்காதீர்கள். இனி வளராமலிருக்க, தானாகத் துடைக்கும் பிரஷ்ஷும் சென்சரைச் சுற்றிச் செப்புக் கூடும் நல்லது. செப்பு அலுமினியச் சட்டத்தில் முட்டக்கூடாது, உப்புத் தண்ணீரில் சட்டம் அரித்துவிடும். இடையில் பிளாஸ்ரிக் வையுங்கள். அப்படியிருந்தும் ஆள் போய்க் கழுவத்தான் வேண்டும்.

வாடிக்காரன்:
அங்கே சிறகுவலை கட்டுகிற ஆட்களோடு கதையுங்கள். விடிய முன்னர் கடலில் நிற்பது அவர்கள்தான். ஒரு கைமீற்றரைக் கொடுத்துப் பழக்கினால் வாசிப்பு எடுத்துத் தருவார்கள். வள்ளத்தை மிதவையில் கட்டவேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.