டாஸ்க் ஃபோர்ஸ்: குழுவா, அணியா, வாரியமா?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க அரசியல் பற்றிய கல்லூரிப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு அத்தியாயம் அச்சுக்குப் போகவேண்டும். அதிபர் ஒரு நெருக்கடியைச் சமாளிக்க அமைக்கும் ‘டாஸ்க் ஃபோர்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்காக 1982இல் ரீகன் அமைத்தது, காவலர் ஒருவர் கறுப்பின இளைஞரைச் சுட்டுக்கொன்றதால் ஃபெர்குசன் நகரில் எழுந்த கொந்தளிப்புக்குப் பின் 2014 டிசம்பரில் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு ஒபாமா அமைத்தது, 2020 ஜனவரியில் கொரோனாவுக்கு வெள்ளை மாளிகை அமைத்தது என மூன்று வருகின்றன. ‘பணிக்குழு’வை ‘வொர்க்கிங் குரூப்’புக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். ‘அதிரடிப்படை’ என்றால் வீரப்பன் வேட்டைதான் நினைவுக்கு வரும்.

மட்டக்களப்பு, ஆசிரியை:
தம்பி, இலங்கையில் இதற்குச் சொல் இருக்கிறது: செயலணி. ‘ஜனாதிபதி செயலணி’ என்றுதான் பாவிக்கிறோம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஒன்றை அமைத்தார்கள். பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. அமைத்த நேரம் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. செயலணி என்று கேட்டாலே எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் காணி பறிபோகும் என்ற பயம்தான் வரும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா சொல்வது சரி, செயலணி இலக்கணப்படியும் பிழையில்லை. செயலுக்கான அணி, உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆனால் இங்கே அணி என்றால் கட்சியின் மகளிரணி, மாணவரணி, இல்லையென்றால் கிரிக்கெட். நான் வாரியத்தை மீட்கச் சொல்வேன். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் உண்டு. குடவோலையில் தேர்ந்த உறுப்பினர்கள் 360 நாள் இருந்துவிட்டு விலகவேண்டும். குறித்த வேலை, குறித்த காலம். இதைவிடப் பொருத்தம் வேறு எது? வாரியம் ‘வரித்தல்’ என்பதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. வரித்தவர், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர், கூடுவது.

கோவை, அகராதிப் பணியாளர்:
ஐயா, ‘வரித்தல்’ வடமொழி வேர் என்று சொல்வோரும் உண்டு. அதைத் தனித்தமிழ் வாதத்துக்கு அடித்தளமாக வைக்க முடியாது. அப்புறம், இன்று வாரியம் என்றால் மின்சார வாரியம், குடிநீர் வாரியம், அதாவது நிரந்தர அமைப்பு. மாணவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

எனக்கு வேறொரு கவலை. ரீகன் அமைத்தது பரிந்துரை மட்டும் செய்தது. 68 பரிந்துரைகள் தந்தது. 1984இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே பாதிக்கப்பட்டோருக்கு நிதி வந்தது. ஒபாமாவுடையதும் 2015 மே மாதம் அறிக்கை கொடுத்து முடிந்தது. காவல்துறைகள் பெரும்பாலும் நகரங்களின், மாகாணங்களின் கையில். அதிபர் நேரே உத்தரவிட முடியாது. கொரோனாவுக்கு அமைத்ததோ துறைகளை ஒருங்கிணைத்தது. அறிக்கை எழுதிக் கலைவதற்குச் ‘செயல்’ என்று பெயர் வைப்பது எனக்கு உறுத்துகிறது. ‘சிறப்பு ஆய்வுக்குழு’, ‘செயலணி’ என இரண்டாகப் பிரியுங்கள்.

மட்டக்களப்பு, ஆசிரியை:
பிரிக்காதீர்கள். ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒன்று ஆலோசனை சொல்கிறது, இன்னொன்று உத்தரவு போடுகிறது. 2020இல் இங்கே அமைத்த இன்னொரு செயலணியின் வர்த்தமானியில், அதாவது அரசிதழ் அறிவிப்பில், அதன் அறிவுறுத்தலுக்கு அரச அதிகாரிகள் இணங்கவேண்டும், தவறினால் ஜனாதிபதிக்கு அறிவிக்கவேண்டும் என்று இருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. மாணவர் பெயரைப் பார்த்து ஏமாறாமல் ‘இதற்கு என்ன அதிகாரம்?’ என்று கேட்கப் பழகட்டும். இன்னொன்று தம்பி, எங்கட பக்கம் அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அதிபர், ஜனாதிபதி இரண்டுமே வடசொல். ‘குடியரசுத் தலைவர்’ என்று எழுதுங்கள்.

கோவை, அகராதிப் பணியாளர்:
அது அமெரிக்காவுக்கு இங்கே யார் வாயிலும் வராது, ஐயா.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
தனி மடல்களையும் சேர்த்தால் செயலணிக்குத்தான் ஆதரவு அதிகம். ‘அதிபரின் செயலணி’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் ‘குறித்த சிக்கலுக்காக அதிபர் அமைக்கும் தற்காலிக அமைப்பு, அதிகாரம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும்’ என்று விளக்கம் சேர்க்கிறேன். அடுத்து ‘எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்’. ‘நிர்வாக ஆணை’ போதுமா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
போதும். ஆனால் செயலணிக்கு என் இசைவு இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாரியம் பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.