கோட்டு சூட்டில் 'த்ரோலோலோ' பாடும் ரஷ்யக்காரர்: பாட்டில் ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை?

கும்பகோணம்_கீபோர்டு:
முப்பது வருஷமா மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறேன். போன வாரம் ஒரு காதுகுத்துக் கச்சேரி முடிஞ்சு வேன்ல திரும்பும்போது, ட்ரம்ஸ் வாசிக்கிற பையன் ஒரு பழைய வீடியோ காட்டினான். பழுப்பு சூட்டு, படிய வாரின தலை, முகத்தை விட்டு இறங்காத சிரிப்பு. மஞ்சள் செட்டுக்குள்ள ஒரு ஆள் கையை வீசிக்கிட்டு நடந்து வர்றார். த்ரோ-லோ-லோ, யா-யா-யா, ஹோ-ஹோ-ஹோ. கடைசிவரைக்கும் அதேதான். வேனே சிரிச்சுது, நானும்தான். வீட்டுக்கு வந்து ஹெட்போன்ல கேட்டப்ப சிரிப்பு வரலை. அது சாதகம் பண்ணின குரல்.

மாப்பிள்ளை, "இதெல்லாம் ஏஐ மாமா"ங்கிறார். கமெண்ட்ல ஒருத்தர், பாட்டு வரியை சோவியத் அரசாங்கம் தடை பண்ணிடுச்சு, அதான் லாலா பாடினார்னு எழுதியிருக்கார். எது நிஜம்? அப்புறம், கையில மைக்கும் இல்லை, சட்டையிலயும் இல்லை. எங்கேதான் பாடுறார்?

பழையசோறு:
ஏஐயா! 2010ல எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேருக்கு இதுதான் ரிங்டோன். வார்டன் போனுக்கும் யாரோ மாத்திவிட்டு, அது தனிக் கதை.

ஸ்மோலென்ஸ்க்_டாக்டர்:
ஏஐ இல்லை சார். அவர் எதுவார்த் கீல். வீடியோ 1976ல எடுத்தது. மைக் இல்லாததுக்குக் காரணம், முன்னாடியே பதிவான தன் பாட்டுக்கே வாயசைக்கிறார்.

நான் மருத்துவம் படிச்சது அவர் பிறந்த ஊரான ஸ்மோலென்ஸ்க்ல. 2012 ஜூன்ல பரீட்சை நேரம். ஹாஸ்டல் வாசல்ல சாவிப் பலகைக்குக் கீழே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாங்க. யார் எத்தனை மணிக்கு வந்தா, எவன் பீர் பாட்டிலை ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருக்கான், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். அன்னைக்கு அவங்க குட்டி டிவியில கீல் இறந்த செய்தி ஓடுது. நான் வாய் சும்மா இருக்காம, "ஓ, த்ரோலோலோ தாத்தா"ன்னுட்டேன். சூரியகாந்தி விதை கொறிக்கிறதை நிறுத்திட்டு ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. அவங்களுக்கு அவர் குளிர்காலப் பாட்டு பாடினவர். காட்டோரக் குடிசையில குளிர்காலம்னு ஒருத்தி குடியிருக்கா, பனி உருண்டைகளை மரத்தொட்டியில உப்புப் போட்டு வைக்கிறா. நம்ம ஊர்ல நார்த்தங்காய் போடுற மாதிரி. அந்தப் பாட்டை முழுசாப் பாடிக்காட்டிட்டுத்தான் என் சாவியைக் கொடுத்தாங்க.

அப்புறம்தான் அவரைப் பத்தித் தேடினேன். 1934ல பிறந்தவர். போர்ல அம்மாவைப் பிரிஞ்சு அநாதை இல்லத்துல பட்டினியாக் கிடந்தவரை, 1943ல அம்மா தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க. லெனின்கிராத் கன்சர்வேட்டரியில, அதாவது இசைக் கல்லூரியில, படிச்சுத் தேறின பாரிட்டோன். ரொம்ப கனமும் இல்லாம, ரொம்ப உச்சமும் இல்லாம நடுவுல நிக்கிற ஆண் குரல். சாதகக் குரல்னு நீங்க சொன்னது சரி. அங்கே வார்த்தையில்லாம வெறும் உயிரெழுத்துல பாடுறதை வோகலீஸ்னு சொல்வாங்க. நம்ம அகார சாதகம் மாதிரிதான், ஆனா மேடையிலும் பாடுவாங்க. பெரிய ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவே 1910கள்ல ஒண்ணு எழுதியிருக்கார். அதனால ரஷ்யக்காரங்களுக்கு இதுல அதிசயம் ஒண்ணும் இல்லை. சிரிச்சது நாமதான்.

தடை விஷயத்துக்கு வர்றேன். இசை அர்காதி ஒஸ்த்ரோவ்ஸ்கி, 1967லயே காலமாயிட்டார். பாட்டோட தலைப்பு, 'ரொம்ப சந்தோஷம், ஒருவழியா வீட்டுக்குத் திரும்புறேன்'ங்கிற மாதிரி வரும். கீல் சொன்ன கதை இது: முதல்ல வரிகள் இருந்துது. ஒரு கௌபாய் குதிரையில புல்வெளியைக் கடந்து வர்றான், ஆயிரம் மைல் தள்ளி அவன் மேரி அவனுக்குக் காலுறை பின்னிக்கிட்டிருக்கா. அமெரிக்கக் கௌபாய் அந்தக் காலத்துல எடுபடாதுன்னு வரியை விட்டுட்டாங்களாம்.

இசையமைப்பாளரோட மகன் சொன்னது வேற. தடையெல்லாம் எதுவும் இல்லை. அப்பாவுக்கும் பாடலாசிரியர் லெவ் ஒஷானினுக்கும் செல்லச் சண்டை. "பாட்டுக்கு வரிதான் முக்கியம்"னு அவர் சொல்ல, "உன் வரியே இல்லாமப் பாட்டுப் போடுறேன் பார்"னு இவர் போட்டது.

நான் மகன் பக்கம். மெட்டை நல்லாக் கேளுங்க, வரியைப் பிடுங்கின ஓட்டை எங்கேயும் தெரியாது. கீல் இதைப் பாடின முதல் ஆளும் இல்லை. ஒபோத்ஸின்ஸ்கி, முஸ்லிம் மகமாயெவ் எல்லாரும் பாடியிருக்காங்க. ஆனா அந்தச் சிரிப்பு இவர்கிட்ட மட்டும்தான்.

90கள்ல சோவியத் போனதும் அவர் பாரிஸ்ல ஒரு ரஷ்ய உணவகத்துல பாடிப் பிழைச்சிருக்கார். ரஷ்யாவுல எல்லாரும் மறந்தாச்சு. 2010ல ஒருநாள் பேரன் பள்ளிக்கூடத்துல இருந்து இந்த மெட்டை முணுமுணுத்துக்கிட்டு வந்தானாம். ஏன்டா இதைப் பாடுறேன்னு கேட்டா, "தாத்தா, நீங்க இங்கே டீ குடிச்சிட்டிருக்கீங்க, அங்கே உலகமே பாடுது"ன்னிருக்கான். கேலின்னு அவர் கோவிச்சுக்கலை. எல்லா நாட்டுக்காரங்களும் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க, சேர்ந்து பாடுவோம்னார்.

மஞ்சள்_கேசட்:
இதே வரிசையில இத்தாலியப் பாடகர் அத்ரியானோ செலந்தானோவையும் பாருங்க. 1972ல வந்த பாட்டு. இங்கிலீஷ் மாதிரியே காதுல விழும், ஆனா 'ஆல்ரைட்' தவிர ஒண்ணும் இங்கிலீஷ் கிடையாது, எல்லாம் உளறல். டிவியில வாத்தியாரா நின்னு வகுப்புக்கே அதை நடத்துவார். மனுஷங்களுக்குள்ள பேச்சு புரியாமப் போறதைப் பத்தின பாட்டுன்னு விளக்கம் வேற. எனக்கு விளக்கம் வேண்டாம், அந்த பாஸ் கிட்டார் போதும்.

கும்பகோணம்_கீபோர்டு:
டாக்டர் தம்பி, நன்றி. உங்க பதிலை வேன்ல எல்லாருக்கும் வாசிச்சேன். நேத்து ரிகர்சல்ல எங்க பாடகரைப் பாடச் சொன்னேன். 'கரோக்கி இருந்தா இதென்ன பிரமாதம்'னு ஆரம்பிச்சார். த்ரோலோலோ வரைக்கும் ஜோர். அந்த ஹோ-ஹோ-ஹோ படிப்படியா இறங்குதே, அங்கே மூச்சு முட்டி நின்னுட்டார். சிரிச்சிக்கிட்டே பாடணும்னேன். ரெண்டாம் தடவை சிரிப்பு வந்துது, சுருதி போயிடுச்சு. மூணாம் தடவை தண்ணி குடிச்சிட்டு வந்து கேக்குறார்: "அண்ணே, அவரே வாயசைச்சுத்தானே பண்ணினார், நானும் அப்படியே பண்ணிக்கட்டுமா?"