இரட்டைப்பக்கமா, விரிபக்கமா?

எல்லாருக்கும் வணக்கம்.

புத்தகத்தைத் திறந்தால் இடமும் வலமும் சேர்ந்து ஒரே படமாக ஓடுமே, அதற்குத் (ஆங்கிலத்தில் double-page spread) தமிழ்ச் சொல்லாக அண்ணாச்சி இங்கே 'இரட்டைப்பக்கம்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒற்றை, இரட்டை என்றாலே 2, 4, 6 என்ற எண்தான் முதலில் வந்து நிற்கும். 'விரிபக்கம்' என்று வைக்கலாம். பத்தமடைப் பாயை விரிக்கிறோம், புத்தகத்தையும் விரிக்கிறோம். வினைத்தொகை என்பதால் சொல்லும் கச்சிதமாக இருக்கிறது.

இது எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. ராபர்ட் மெக்ஃபர்லேன் எழுதி ஜாக்கி மோரிஸ் வரைந்த 'தி லாஸ்ட் வேர்ட்ஸ்' (2017) பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு சிறுவர் அகராதியிலிருந்து உதிர்ந்துபோன இயற்கைச் சொற்களை மீட்கும் நூல். 20 சொல், 20 பாட்டு. அடிகளின் முதலெழுத்தைக் கோத்தால் அந்தச் சொல்லே வரும். பிரிட்டனில் பல ஊர்களில் மக்களே பணம் திரட்டிப் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். 2019-இல் கேட் கிரீனவே பதக்கம் கிடைத்தது. அது ஓவியத்துக்குத் தரும் பதக்கம். 'படங்கள் அருமை' என்று ஒரு வரியில் கடந்துவிட்டால் பதக்கம் எதற்கு என்பதே வாசகருக்குத் தெரியாது.

போன மாதம் கூந்தன்குளத்தில் மதினி வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த நூலின் மீன்கொத்திப் பக்கங்களைக் காட்டினேன். முதல் விரிபக்கத்தில் பறவை இல்லை, எழுத்துகள் மட்டும் சிதறிக் கிடக்கின்றன. சின்னவள் நடு மடிப்பில் விரலை விட்டுத் தேடினாள். அடுத்ததில் பாட்டுக்கு எதிரே பொன்னிறப் பின்னணியில் பறவை. "ஏ, நம்ம குளத்து மீன்கொத்தி!" என்று கத்திவிட்டாள். மூன்றாவதில் பாட்டு கிடையாது. பறவை வாழும் இடமே தாள் முழுக்க. இல்லாமை, பெயர், வாழ்விடம் என்று மூன்று விரிபக்கத்தில் கதை நகர்கிறது. இதைச் சொல்லத்தான் அந்தச் சொல் வேண்டும்.

அப்புறம், இந்த வகை நூலுக்குச் 'சித்திரகவி' வேண்டாம். பாம்பு, சக்கரம் போன்ற வடிவத்துக்குள் எழுத்துகளை அடைக்கும் நாகபந்தம், சக்கரபந்தம் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. 'ஓவியக் கவிதைநூல்' போதும்.

*

தம்பி, எண் குழப்பம் சரிதான், 'இரட்டைப்பக்கத்தை' விட்டுவிடுகிறேன். ஆனால் மடித்து ஒட்டியிருக்கும் நீளத்தாளையும் விரித்துத்தானே பார்க்கிறோம்? அதையும் விரிபக்கம் என்றுவிட்டால்?

*

நல்ல கேள்வி அண்ணாச்சி. அதில் மடிப்புதான் முக்கியம், 'மடிதாள்' என்று பிரித்துவிடலாம். பைண்டிங் செய்கிறவர்கள் வாயில் இதற்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.