கண்புரை ஆபரேஷனுக்கு முன் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் கார்டு டெஸ்ட்: பாசிட்டிவ் வந்தால் திருப்பி அனுப்பலாமா?

கேம்ப்_கவுன்சிலர்:
உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் கேம்ப் போட்டு, தேர்வானவர்களை வேனில் கூட்டிவந்து மறுநாள் புரை ஆபரேஷன் செய்கிற சின்ன கண் ஆஸ்பத்திரி எங்களுடையது. ஒரு நாளைக்கு 20 கேஸ். எல்லாருக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் கார்டு டெஸ்ட் (கார்டில் ரத்தம் விட்டு, கோடு வருகிறதா என்று பார்ப்பது) போடுகிறோம். பாசிட்டிவ் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் மேனேஜர். கடைசி கேஸாக வைத்தால் போதும் என்கிறார் தியேட்டர் சிஸ்டர். எது சரி? கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமும் இருக்கிறது, ஒட்டலாமா?

ஓடி_இன்சார்ஜ்:
மேனேஜர் சொல்வது சட்டப்படி நிற்காது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. பாசிட்டிவ் என்பதற்காக சிகிச்சையை மறுக்க முடியாது. 'டெஸ்ட் எடுத்தால்தான் ஆபரேஷன்' என்று நிபந்தனையும் போட முடியாது. அட்மிஷன் ஃபாரத்தில் வாங்குகிற கைநாட்டு இதற்கான சம்மதம் ஆகாது. என்ன டெஸ்ட், எதற்கு, முடிவு யார் யாருக்குத் தெரியும் என்று தனியாக உட்காரவைத்துச் சொல்லி வாங்கணும்.

ஸ்டிக்கரை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அதே வேனில் வந்த அதே ஊர்க்காரர்.

கடைசியில் வைத்தால்தான் பாதுகாப்பு என்றால், முதல் 19 கேஸுக்கு நடுவில் கருவிகளை ஒழுங்காக ஸ்டெரிலைஸ் செய்யவில்லை என்று அர்த்தம். புதிதாகத் தொற்றியவருக்குக் கார்டு நெகட்டிவ் காட்டலாம், அவர் முதல் கேஸாகவே வரலாம். எனவே ஒவ்வொருவருக்கும் தனி செட், தனி டியூபிங், ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது). கண் கருவிகளை பிளீச்சிங் கரைசலில் முக்காதீர்கள், முனை அரித்துவிடும். தரையில் ரத்தம் சிந்தினால் மட்டும் ஹைப்போகுளோரைட்: 5% பாட்டில் என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலக்கணும்.

ஊசி குத்துவது பெரும்பாலும் மயக்க ஊசி போட்டபின் மூடியைத் திரும்ப மாட்டும்போதும், பிளேடைக் கைக்குக் கை கொடுக்கும்போதும்தான். நடுவில் கிட்னி டிரே வைத்து அதில் போட்டு எடுங்கள். குத்திவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவணும். பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிடணும். நோயாளியின் ரிசல்ட் கையில் இருப்பது இந்த இடத்தில்தான் உதவும். ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு ஊசிக்குத்தில் ஹெபடைட்டிஸ் பி தொற்றுவது எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிது. ஸ்டாஃப் எல்லாருக்கும் 0, 1, 6 மாதத்தில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) 10 mIU/mlக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்_மேலூர்:
ஒரு கார்டில் கோடு வந்ததும் 'உங்களுக்கு எச்.ஐ.வி.' என்று சொல்லிவிடாதீர்கள். அது வெறும் ரியாக்டிவ், அதாவது இருக்கலாம் என்ற சந்தேகம்தான். மூன்று வேறுவேறு கிட்டில் உறுதியாகணும். ஆபரேஷனை நிறுத்தாமல், அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்புங்கள், அங்கே இலவசம்.

கார்டைச் சமதளத்தில் வைத்து, கிட் தாளில் போட்ட நிமிடத்தில் படிக்கணும். அரை மணி கழித்து வருகிற மங்கல் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், நேரத்துக்குள் வந்தால் எவ்வளவு மங்கலானாலும் ரியாக்டிவ்தான். கன்ட்ரோல் கோடு இல்லையென்றால் அந்த டெஸ்ட்டே செல்லாது. இன்னொன்று: பெரும்பாலான கிட்கள் 30 டிகிரிக்குள் இருக்கணும். சித்திரை வெயிலில் கேம்ப் வேன் டிக்கியில் கிடந்த கிட்டை நம்பாதீர்கள்.

கண்_டாக்டர்_மதுரை:
மேலே சொன்னவை பெரும்பாலும் வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாமல் இருப்பதற்கு. நோயாளியின் கண்ணுக்குள் சீழ் வைக்கிற கிருமி பெரும்பாலும் அவருடைய இமையிலும் கண்ணீர்ப்பையிலும் இருந்தே வருகிறது. மூன்று கார்டு போடுகிற பல இடங்களில் டக்ட் (கண்ணீர் மூக்குக்குள் வடிகிற குழாய்) பார்ப்பது மட்டும் அவசரத்தில் விட்டுப்போகும்.

முதலில் கண்ணின் உள்மூலையில், மூக்கெலும்பை ஒட்டி, ஆள்காட்டி விரலால் அழுத்துங்கள். கண்ணீர்த் துளையில் சளியோ சீழோ எட்டிப் பார்த்தால் அன்றைக்கு ஆபரேஷன் இல்லை. முதலில் கண்ணீர்ப்பைக்கு வைத்தியம் (மூக்குக்குள் புதுவழி போடுகிற டி.சி.ஆர். அல்லது பையையே எடுத்துவிடுகிற டி.சி.டி.), அது ஆறியபின் புரை. பை சிவந்து வீங்கி வலித்தால் அழுத்தவும் வேண்டாம், சிரிஞ்சால் சலைன் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம்.

எதுவும் வரவில்லையென்றால் சொட்டு மருந்தில் மரத்துப்போகவைத்து, கீழ்க் கண்ணீர்த் துளையில் மழுங்கிய கேனுலாவை (மெல்லிய குழாயை) விட்டு, 2 மில்லி சிரிஞ்சில் சலைனை மெதுவாகத் தள்ளுங்கள். 'தொண்டையில் உப்புக் கரிக்குதாம்மா?' என்று கேளுங்கள். விழுங்கினால் வழி திறந்திருக்கிறது. மேல் துளை வழியாகத் திரும்பினால் அடைப்பு, என்ன திரும்புகிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

இமைமுடி அடியில் பொருக்கு, சர்க்கரைக்காரரின் ஆறாத கால்புண், சீழ்ப்பல் இவற்றையும் பாருங்கள். விளக்கெண்ணெய், கண்மை போடுகிறவர்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள். மேசையில் 5% போவிடோன் அயோடின் சொட்டு விட்டு மூன்று நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கணும். விட்ட உடனே கழுவினால் விட்டதில் அர்த்தமில்லை.

கேம்ப்_கவுன்சிலர்:
நன்றி சார். டக்ட்டைக் கேம்ப்பிலேயே பார்த்துவிடலாமா?

கண்_டாக்டர்_மதுரை:
விரலால் அழுத்திப் பார்ப்பதை அங்கேயே செய்யுங்கள், பேரையூரிலிருந்து ஒருவர் சும்மா வந்து திரும்புவது மிச்சம். ஆளுக்கு ஆள் கையைக் கழுவணும். சிரிஞ்சிங் ஆஸ்பத்திரியில், முந்தின நாள், ஒருவருக்கு ஒரு கேனுலா.