ஃபைனான்ஸில் எம்எஸ்சி முடித்தால் கன்சல்டிங்கில் நுழைய முடியுமா?

கேள்வி: ஈரோடு_பிகாம்

அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் பாஸ். ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ.வுக்கான கட்டாய வேலைப் பயிற்சி) சேரவில்லை, சென்னையில் ஒரு வேல்யுவேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில் எம்எஸ்சி ஃபைனான்ஸ் படிக்க 2026 செப்டம்பருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓராண்டுப் படிப்பு. ஃபீஸ், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 42 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கலாம் என்கிறார் அப்பா. கன்சல்டிங்தான் என் ஆசை. இந்தப் படிப்பு அதற்கு உதவுமா? டெபாசிட் கட்டும் தேதி நெருங்குகிறது.

பதில்: திருப்பூர்_மான்செஸ்டர்

தம்பி, எந்தக் கன்சல்டிங் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் செய்யும் ஸ்ட்ராட்டஜி வேலை ஒரு ரகம். டெலாய்ட், கே.பி.எம்.ஜி. மாதிரி இடங்களில் கம்பெனிகளை வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஆலோசனை சொல்லும் டீல்ஸ் பிரிவு இன்னொரு ரகம். இரண்டாவதற்கு ஃபைனான்ஸ் முதுகலை நேரடியாகவே உதவும்; நான் அந்த வழியில் வந்தவன். முதலாவதை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

நான் பார்ப்பது டியூ டிலிஜென்ஸ், அதாவது ஒரு கம்பெனியை வாங்கும் முன் அதன் கணக்குகளை ஆராய்வது. கணவனும் மனைவியும் நடத்தும் ஒரு உணவு கம்பெனி விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிக்கும் முன் உள்ள லாபம்) 20 லட்சம் பவுண்டு என்று காட்டுகிறார்கள். இங்கே சொந்தக் கம்பெனி நடத்துபவர்கள் பலர் சம்பளமாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை டிவிடெண்டாக எடுப்பார்கள். டிவிடெண்ட் எபிட்டாவைக் குறைக்காது. கம்பெனி கைமாறியதும் அந்த இருவர் இடத்தில் ஒரு எம்.டி.யையும் ஒரு ஃபைனான்ஸ் டைரக்டரையும் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்டு என்றால் உண்மையான எபிட்டா 18 லட்சம்தான். எபிட்டாவின் ஏழு மடங்கு என்று விலை பேசியிருந்தால், அந்த ஒரு திருத்தத்தால் விலை 14 லட்சம் பவுண்டு இறங்கிவிடும். அதைக் கண்டுபிடித்து, இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும்படி எழுதுவதுதான் என் வேலை. அப்புறம் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்கியிருக்கும் அன்றாட வியாபாரப் பணம். கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிந்து ஜனவரி கடைசியில் கணக்கை மூடினால் கிடங்கு காலியாக இருக்கும், கையில் காசு கொழிக்கும். அக்டோபரில் பார்த்தால் நேர் எதிர். அதனால் 12 மாதத்தையும் தனித்தனியாக விரித்துப் பார்ப்போம்.

சி.ஏ. இன்டர் படித்த உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். எம்எஸ்சியில் போர்ட்ஃபோலியோ தியரி, டெரிவேட்டிவ்ஸ், எகனாமெட்ரிக்ஸ்தான் பெரும்பகுதி. ஆப்ஷன்களுக்கு விலை கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் எனக்கு மிகவும் பிடித்த பாடம், ஆனால் வேலையில் அதைத் தொட்டதே இல்லை. வேல்யுவேஷன், நிதியறிக்கை ஆய்வு இரண்டும் விருப்பப்பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு கல்லூரி தேடலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது காலக்கணக்கு. இங்கே பெரிய நிறுவனங்களின் கிராஜுவேட் வேலைகளுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். இடம் நிரம்பியதும் மூடிவிடுவார்கள். உங்கள் வகுப்பு தொடங்குவதே செப்டம்பர் கடைசியில். முதல் பருவ மார்க் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வருடம் போச்சு. சி.வி.யும் ஆன்லைன் டெஸ்ட் பயிற்சியும் ஈரோட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

விசாவையும் பாருங்கள். படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா இதுவரை 2 வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான், நீங்கள் அதில்தான் வருவீர்கள். அதன்பின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. லண்டனுக்கு வெளியே ஆரம்பச் சம்பளம் அந்த 33,400-ஐக்கூடத் தொடாத வேலைகள் உண்டு.

பதில்: மயிலாப்பூர்_சி.ஏ.

சி.ஏ.யை ஏன் பாதியில் விட வேண்டும்? 2023-இல் வந்த புதிய முறைப்படி ஆர்ட்டிகிள்ஷிப் 2 வருடம்தான், முன்பு 3. அப்புறம் 6 மாதம் படித்து ஃபைனல் எழுதலாம், அதுவும் இப்போது 6 பேப்பர்தான். கையில் ஸ்டைபெண்டும் வரும். நம்ம ஊர் டீல்ஸ் டீம்களில் சி.ஏ.வுக்குத்தான் முதல் மரியாதை. 42 லட்சம் கடனோடு திரும்பி வந்தால் நீங்கள் போட்டி போடப்போவதும் அந்த சி.ஏ.க்களோடுதான்.

பதில்: கும்பகோணம்_லண்டன்

நான் ஸ்ட்ராட்டஜி பக்கம். தம்பி, எம்எஸ்சி முடித்து வருபவருக்கும் இளங்கலை முடித்து வருபவருக்கும் பெரும்பாலும் ஒரே படிதான். மெக்கின்சியில் பிசினஸ் அனலிஸ்ட், பெயினில் அசோசியேட் கன்சல்டன்ட். எம்.பி.ஏ. முடித்தவர்கள்தான் அதற்கு மேல் படியில் நுழைகிறார்கள்.

இன்டர்வியூவில் மூலதனம் திரட்ட ஆகும் செலவைக் கணக்கிடும் சூத்திரமெல்லாம் கேட்கமாட்டார்கள். “ஒரு சூப்பர்மார்க்கெட் வீட்டு டெலிவரியில் நஷ்டப்படுகிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்பார்கள். ஒரு ஆர்டருக்கு வருமானம் எவ்வளவு, பொருளைப் பொறுக்கி எடுக்கும் கூலி எவ்வளவு, ஒரு வேன் மணிக்கு எத்தனை வீட்டுக்குப் போகும் என்று உரக்கச் சொல்லியபடியே கணக்குப் போட வேண்டும். வேன் போகும் வீடுகள் கூடினால் நஷ்டம் குறையும் என்று நீங்களாகவே அதில் வந்து நிற்பதைத்தான் பார்க்கிறார்கள். கூட்டாளி ஒருவரோடு தினமும் பழகினால் வரும். ஒரு டிகிரிக்குள் அது இல்லை.

ஈரோடு_பிகாம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டியூ டிலிஜென்ஸ் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்ததும், எனக்குப் பிடித்தது அந்த வேலைதான் என்று தெரிந்தது. சி.ஏ. முடித்துவிட்டு அப்புறம் இங்கிலாந்து வந்தால் வயது தடையாகுமா?

திருப்பூர்_மான்செஸ்டர்

ஆகாது. எங்கள் டீமிலேயே இந்தியாவில் சி.ஏ. முடித்து அனுபவத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள், எம்எஸ்சி இல்லாமலேயே.

அப்படியும் இந்த வருடமே போக மனம் இழுத்தால், டெபாசிட் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் கெரியர்ஸ் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்கள். போன வருடம் உங்கள் கோர்ஸில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், அதில் இங்கிலாந்தில் வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கம்பெனியில் என்று கேளுங்கள். இங்கிலாந்து மாணவர்களையும் சேர்த்து ஒரு சதவீதம் அனுப்பினால், பிரித்துத் தரச் சொல்லி மறுபடி எழுதுங்கள். தேதிக்குள் பதில் வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம். அப்பாவிடம் நான் பேச வேண்டுமானால் தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.