சரிவில் போட்ட வடிகால் குழாய்கள் அடைக்கின்றன, வழி சொல்லுங்கள்

கோத்தகிரிப் பக்கம் சாலையோரச் சரிவு. உயரம் 14 மீட்டர், சாய்வு ஏறக்குறைய 50 பாகை. மேலே செம்மண், அடியில் சிதைந்த சார்னகைட் பாறை. மழைநீர் இறங்கி இரண்டும் சேருமிடத்தில் தேங்குகிறது. நீரழுத்தம் கூடக் கூட மண்ணின் பிடிமானம் குறைகிறது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரி பட்டது போதும். தடுப்புச் சுவரை உயர்த்தினால் மட்டும் இது நிற்காது, உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியேறியே ஆகவேண்டும்.

இப்போது இருப்பது: 75 மி.மீ. துளைக்குள் 50 மி.மீ. துளையிட்ட பிவிசி குழாய், 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் இடைவெளி. உள்முனை 5 பாகை மேல்நோக்கி. வெளியே ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி). வாய்ப்பக்கம் 2 மீட்டருக்குத் துளையில்லாத குழாய் வைத்து, சுற்றிலும் கிரவுட் (சிமெண்ட் கலவை) அடைத்திருக்கிறது. இல்லையென்றால் கசிவு குழாயை விட்டு விலகி வாயருகே மண்ணை அரித்துவிடும்.

முதல் பருவத்தில் நன்றாக ஓடியது. இப்போது பாதிக் குழாய்களில் சொட்டுதான் வருகிறது. வாயில் ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பான கசடு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. இரும்புப் பாக்டீரியா (நீரில் கரைந்த இரும்பைக் காற்றின் உதவியால் கசடாக்கும் நுண்ணுயிர்) என்றே படுகிறது. சரிவுக்குள் நீரழுத்தம் அளக்கும் பீசோமீட்டரிலும் நீர்மட்டம் ஏறுகிறது.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: உயரழுத்த நீரால் கழுவினால் சுற்றியுள்ள மண் குலையுமா, எவ்வளவு அழுத்தம் பாதுகாப்பு? வாயில் வளைவு பொருத்தி, நீர் நின்று காற்று புகாமல் தடுத்தால் கசடு குறையுமா? புதிய குழாய்களுக்குத் துணியை விட்டுவிட்டு மெல்லிய கீறல்கள் வெட்டிய குழாய் போடலாமா? வடகிழக்குப் பருவமழைக்குள் முடிக்க வேண்டும்.